மஞ்சள் கேப்ஸ்யூல்: ஒரு திருத்தம்

(ஜமுனாமரத்தூரில் பதிவு செய்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

பின்னாடி கோழிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. இந்த வாரம் நான் என் ரூம்ல இல்ல. ஜவ்வாது மலை மேல, ஜமுனாமரத்தூர்ல ஒரு வீட்டுத் திண்ணைல உட்கார்ந்து பேசறேன். மைக் எடுத்துட்டு வரல, போன்லதான் ரெக்கார்டிங். போளூர்ல பெரியம்மாவைப் பார்க்க வந்தேன். வந்த கையோட ரெண்டு ஃப்ரெண்ட்ஸைச் சேர்த்துக்கிட்டு மலை ஏறிட்டேன். ராத்திரி காவலூர் போய் டெலஸ்கோப்ல வானம் பார்க்கணும்னு ப்ளான். யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு 1977ல தெரிய வந்தப்போ, அதுல பங்கு இருந்த ஆய்வகம் அது. ஆனா இப்போதைக்கு மேகம் மூடிக் கிடக்கு. அதனால ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டு இருந்த எபிசோடை இன்னிக்கே பேசிடறேன்.

இது ஒரு திருத்தம். ரெண்டு வருஷம் முன்னாடி மஞ்சளைப் பத்தி ஒரு எபிசோட் போட்டேன். நிறைய பேர் ஃபார்வர்ட் பண்ண எபிசோட் அது. அதுல மூணு விஷயம் சொன்னேன். மஞ்சள்ல இருக்கற குர்குமின் பயங்கரமான ஆன்டிஆக்ஸிடன்ட். மிளகோட சேர்த்தா அது 2000 சதவீதம் அதிகமா உடம்புல ஏறும். மூணாவது, இது நம்ம சமையல்கட்டுப் பொருள்தானே, சைட் எஃபெக்டே கிடையாது. முதல் விஷயம் பாதி சரி. ரெண்டாவதுல நம்பர் சரி, ஆனா அதோட அர்த்தம் அன்னிக்கு எனக்கே புரியல. மூணாவது தப்பு. அது தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது என் பெரியம்மாவோட கல்லீரல்.

பெரியம்மாவுக்கு 61 வயசு. சுகர், பிபி, கொலஸ்ட்ரால் மூணுக்கும் மாத்திரை போடறாங்க. முட்டி வலி வேற. அந்த எபிசோடுக்காகப் படிச்ச ஜோர்ல நான்தான் ஆன்லைன்ல குர்குமின் கேப்ஸ்யூல் ஆர்டர் பண்ணி போளூருக்கு அனுப்பினேன். மிளகுச் சத்து சேர்த்தது. தினமும் ரெண்டு. பெரியம்மாவுக்கு ஒரே பெருமை, அக்கம்பக்கத்துல எல்லாம் "பையன் வாங்கி அனுப்பினான்"னு காட்டியிருக்காங்க. வலியும் கொஞ்சம் பரவாயில்லன்னாங்க. பாட்டில் தீரத் தீர நானும் அனுப்பிட்டே இருந்தேன்.

நாலாவது மாசம் பசியில்ல, வாந்தி. கண்ணு மஞ்சளாச்சு. ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். மஞ்சக்காமாலை, கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடு. ஒரு வாரம் அதுல போச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி. கல்லீரல் செல் உடைஞ்சா ரத்தத்துல ஏறும் எஸ்ஜிபிடின்னு ஒரு என்சைம். சாதாரணமா 40ஐ ஒட்டி இருக்கணும். அவங்களுக்கு 900ஐத் தாண்டியிருந்தது. வைரஸ் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. டாக்டர் என்னென்ன மாத்திரைன்னு கேட்டப்போ பெரியம்மா எல்லாத்தையும் சொன்னாங்க, இந்த கேப்ஸ்யூலைத் தவிர. மறைக்கணும்னு இல்ல. அது மாத்திரைன்னே அவங்களுக்குத் தோணல, மஞ்சள்தானே. என் அண்ணன் வீட்டுக்குப் போய் மருந்து டப்பாவை அப்படியே தூக்கிட்டு வந்தப்போதான் பாட்டில் வெளிய வந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துட்டு, "இதை முதல்ல நிறுத்துங்க"ன்னார். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நிறுத்தினா தெரிஞ்சுடும்னும் சொன்னார். ரெண்டு மாசத்துல எஸ்ஜிபிடி இறங்கி நார்மலுக்கு வந்துடுச்சு. மத்த மாத்திரை எல்லாம் டாக்டர் சொன்னபடி ஒவ்வொண்ணா திரும்ப ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் ஏறவே இல்ல.

சரி, இனிமே கொஞ்சம் அறிவியல்.

மஞ்சளும் குர்குமினும் ஒண்ணு இல்ல. மஞ்சள் தூள்ல எடைக்குச் சுமார் 3 சதவீதம்தான் குர்குமின். ரகத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும், மேகாலயாவோட லக்கடாங் மஞ்சள்ல 7 சதவீதம் வரைக்கும் போகும். இப்போ ஒரு கணக்கு. அம்மா சாம்பார்ல ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் போடறாங்க, 3 கிராம்னு வைங்க. அதுல குர்குமின் 90 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டா ஆளுக்கு 22, 23 மில்லிகிராம். பெரியம்மா சாப்பிட்ட கேப்ஸ்யூல் ஒண்ணுல 500 மில்லிகிராம், 95 சதவீதம் குர்குமின் வகையறா. ரெண்டு கேப்ஸ்யூல் போட்டா ஒரு நாளைக்கு நாப்பது பேரோட சாம்பார். அதுவும் எண்ணெய், நார், மாவுச்சத்து எதுவும் இல்லாம, தனியா பிரிச்செடுத்தது. "பாட்டி காலத்துல இருந்து சாப்பிடறோம்"னு சொல்றது சாம்பாருக்குப் பொருந்தும். இந்த அளவுல எந்தப் பாட்டியும் சாப்பிட்டதில்ல.

குர்குமினை 1815லயே பிரிச்செடுத்துட்டாங்க. அதோட மூலக்கூறு அமைப்பு தெரிய 1910 ஆச்சு. நமக்கு அதோட கெமிஸ்ட்ரி பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியே தெரியும், ஆரத்தித் தட்டுல பார்த்திருக்கோம். மஞ்சள் தண்ணில சுண்ணாம்பு போட்டா சிவப்பாகும் இல்லையா? சுண்ணாம்போட காரம் பட்டதும் குர்குமின் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை விட்டுடுது, நிறம் மாறுது. ஹைட்ரஜனைச் சுலபமா விட்டுக் கொடுக்கற இந்தக் குணம்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் கதைக்கும் அடிப்படை.

உடம்புல ஆக்ஸிஜனை எரிச்சு சக்தி எடுக்கும்போது ஃப்ரீ ராடிக்கல்ஸ்னு சில அரைகுறை மூலக்கூறுகள் உருவாகும். ஒரு எலக்ட்ரான் குறைவு. பக்கத்துல இருக்கறவன்கிட்ட பிடுங்கும், அவன் அடுத்தவன்கிட்ட பிடுங்குவான். கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் அடி வாங்கும். குர்குமின் நடுவுல போய் "என்கிட்ட இருக்கு, எடுத்துக்கோ"ன்னு ஒரு ஹைட்ரஜனைக் குடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துடும். குடுத்த பிறகும் அது பெருசா நிலைகுலையாது. டெஸ்ட் ட்யூப்ல இது அருமையா நடக்கும். 1976லயே இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. இதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல.

பிரச்சனை அடுத்த படில. டெஸ்ட் ட்யூப்ல ஓடறது உடம்புல ஓடுமா? நம்ம வேலைலயே பார்த்திருக்கோம், "என் லேப்டாப்ல ஓடுதே"ன்னு சொல்லிட்டு ப்ரொடக்ஷன்ல போட்டதும் படுத்துடும். குர்குமின் அந்த மாதிரி ஒரு ஆள். தண்ணில கரையாது. குடல் வழியா சரியா ஏறாது. ஏறின கொஞ்சநஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் பிடிச்சு, ஒட்டு போட்டு வெளிய தள்ளிடும். ரத்தத்துல இருக்கற அதே லேசான காரத்தன்மை, 37 டிகிரி சூடு. இந்த ரெண்டும் இருக்கற வெறும் கரைசல்ல குர்குமினைப் போட்டா 30 நிமிஷத்துல 90 சதவீதம் சிதைஞ்சுடுதுன்னு 1997ல அளந்தாங்க. ரத்தத்துல இருக்கற புரதங்கள் கொஞ்சம் காப்பாத்தும், ஆனா மொத்தத்துல உள்ள போய்ச் சேர்றது ரொம்பக் கம்மி.

இன்னொரு சிக்கல் இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச சிக்கல். குர்குமின் தானே ஒளிரும். வீட்ல யூவி டார்ச் இருந்தா மஞ்சளை சானிடைசர்ல கலக்கி இருட்டுல அடிச்சுப் பாருங்க, பச்சை கலந்த மஞ்சளா மின்னும். லேப்ல நிறைய மெஷின், மருந்து வேலை செஞ்சுதா இல்லையாங்கறதை ஒளியை வெச்சுத்தான் அளக்கும். குர்குமின் உள்ள போனதும் அதோட ஒளியே ரிசல்ட்டைக் குழப்பிடும். அது போதாதுன்னு கண்ட புரதத்துல எல்லாம் ஒட்டும், உலோகங்களைப் பிடிச்சுக்கும், செல் சவ்வையே தொந்தரவு பண்ணும். அதனால எந்த நோய்க்கு டெஸ்ட் வெச்சாலும் "வேலை செய்யுது"ன்னு வரும். இப்படி ஏமாத்தற மூலக்கூறுகளுக்கு மருந்து வேதியியல்காரங்க "பெயின்ஸ்"னே பேர் வெச்சிருக்காங்க.

2017ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல கேத்ரின் நெல்சனும் அவங்க கூட்டாளிகளும் ஒரு பெரிய மறு ஆய்வு வெளியிட்டாங்க. குர்குமினை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளே 120க்கு மேல. டாக்டருக்கும் தெரியாம, நோயாளிக்கும் தெரியாம, ஒரு குழுவுக்கு வெறும் சர்க்கரை உருண்டை மாதிரி ஒண்ணைக் குடுத்து ஒப்பிடற முறை இருக்கில்ல, அந்த முறையில நடந்தது எதுவுமே வெற்றி பெறலைன்னு எழுதினாங்க. இது கொஞ்சம் கடுமையான தீர்ப்புன்னு எதிர்த்தவங்களும் உண்டு. இந்தத் துறைல ஒரு காலத்துல பெரிய பேரா இருந்தவர் ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துல இருந்த பரத் அகர்வால். அவர் பேர்ல வந்த கட்டுரைகள்ல 20க்கும் மேல பத்திரிகைகள் திரும்பப் பெற்றுக்கிட்டாங்க. என் பழைய எபிசோட்ல அவரோட வேலையை ஆதாரமா சொல்லியிருந்தேன். அதுவும் இந்தத் திருத்தத்துல சேரும்.

அப்போ குர்குமின் சும்மாவா? இல்ல. தாய்லாந்துல 2014ல முட்டித் தேய்மானம் இருக்கற 367 பேரை வெச்சு ஒரு ஆய்வு. ஒரு குழுவுக்கு தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, இன்னொரு குழுவுக்கு 1200 மில்லிகிராம் இபுப்ரூஃபென். நாலு வாரத்துல ரெண்டு குழுவுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவு குறைஞ்சது, வயித்துத் தொந்தரவு மஞ்சள் குழுவுல கம்மி. 2023ல அதே தாய்லாந்துல, காரணம் தெரியாத அஜீரணத்துக்கு குர்குமினையும் ஒமிப்ரஸோலையும் ஒப்பிட்டாங்க, 206 பேர். அதுலயும் ரெண்டும் ஏறக்குறைய சமம். பெரியம்மாவோட முட்டி வலி குறைஞ்சது பிரமையா இருக்க வேண்டியதில்ல. ஆனா அல்சைமர் நோய்க்கு தினம் 2 கிராம், 4 கிராம்னு ஆறு மாசம் குடுத்துப் பார்த்து 2012ல வெளியிட்ட ஆய்வுல பலன் எதுவும் தெரியல. அதுல இருந்தவங்க 36 பேர்தான், சின்ன ஆய்வு.

நம்ம பக்கத்துல, திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துல ராமதாசன் குட்டனோட குழு 1987ல ஒரு வேலை பண்ணியிருக்காங்க. புற்றுநோய் தோலுக்கு வெளிய புண்ணா வந்த 62 பேருக்கு மஞ்சள் சாறும் குர்குமின் களிம்பும் மேல தடவினாங்க. பெரும்பாலானவங்களுக்குப் புண்ணோட நாற்றம் குறைஞ்சது, அரிப்பு குறைஞ்சது. கட்டி சுருங்கினது பத்துல ஒருத்தருக்குத்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு கிடையாது, அதனால இதை மருந்துன்னு சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாற்றத்தால வீட்டுக்குள்ளயே ஒதுக்கி வெச்ச ஒரு ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! குர்குமின் குடல் வழியா போக வேண்டிய அவசியமே இல்லாத இடம் தோல். அங்க அதுக்கு ஒரு வாய்ப்பு இருக்குன்னு எனக்குத் தோணுது.

நேத்து இங்கயும் அதுதான் நடந்தது. பீமன் அருவில என் ஃப்ரெண்ட் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டான். இந்த வீட்டு ஆயா வந்து பார்த்துட்டு, பின்கட்டுல இருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து கல்லுல இழைச்சு, தேங்காய் எண்ணெயோட பத்து போட்டு விட்டாங்க. நான் முன்னாடியே சோப்பு போட்டுக் கழுவ வெச்சுட்டேன், டிடி ஊசியும் போட்டுக்கடான்னு சொல்லியிருக்கேன். அவன் உடனே, "மச்சி, இதைத்தான் அமெரிக்காக்காரன் பேடன்ட் வாங்கப் பார்த்தான், நாம ஜெயிச்சோம்"னு ஆரம்பிச்சுட்டான்.

அந்தக் கதை உண்மைதான். மஞ்சள் தூளைக் காயம் ஆற்றப் பயன்படுத்தறதுக்கு 1995ல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கால பேடன்ட் கிடைச்சது. வாங்கினவங்க ரெண்டு பேருமே இந்திய வம்சாவளி, அது ஒரு தனிக் கதை. நம்ம சிஎஸ்ஐஆர், மஷேல்கர் தலைமைல, எதிர்த்து மனு போட்டுச்சு. 32 சான்றுகள் குடுத்தாங்க. பழைய சமஸ்கிருத நூல்ல இருந்து, 1953ல இந்திய மருத்துவச் சங்க இதழ்ல வந்த கட்டுரை வரைக்கும். 1997ல பேடன்ட் ரத்தாச்சு. நல்ல வெற்றி. ஆனா அந்த வழக்குல கேட்ட கேள்வி "இது புதுசா?"ங்கறதுதான். "இல்ல, எங்களுக்கு முன்னாடியே தெரியும்"னு நிரூபிச்சோம். "இது குணப்படுத்துமா?"ன்னு அங்க யாரும் கேட்கல. வாட்ஸ்அப்ல இந்தக் கதை வரும்போது மட்டும் புற்றுநோய்ல இருந்து மறதி வரைக்கும் மஞ்சள் குணப்படுத்தும்னு அமெரிக்காவே ஒத்துக்கிட்ட மாதிரி வருது. என் பழைய எபிசோட்லயும் அப்படித்தான் ஒரு த்வனி இருந்தது.

இப்போ அந்த 2000 சதவீதம். 1998ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரில செஞ்ச ஆய்வு. ஆரோக்கியமான ஆளுங்களுக்கு 2 கிராம் குர்குமின் மட்டும் குடுத்தா ரத்தத்துல கண்டுபிடிக்க முடியாத அளவு, இல்லன்னா ரொம்பக் கொஞ்சம். அதோட மிளகுல இருக்கற பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்தா 2000 சதவீதம் ஏறுது. ரெண்டு விஷயத்தை நான் அன்னிக்கு யோசிக்கல. ஒண்ணு, பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கறதை 20 மடங்கு பெருக்கினாலும் அது சின்ன நம்பர்தான். ரெண்டாவதுதான் பெருசு. பைபரின் எப்படி இதைச் செய்யுது? கல்லீரலும் குடலும் வெளிய தள்ளற வேலையைச் செய்யவிடாம பிரேக் போடுது. அந்த பிரேக் குர்குமினுக்கு மட்டும் இல்ல. அதே வழியா வெளிய போகற மாத்திரைகளுக்கும் சேர்த்துத்தான். பெரியம்மா மூணு நோய்க்கு மாத்திரை போடறவங்க. ரசத்துல போடற மிளகுக்கு இந்த பயம் தேவையில்ல, கேப்ஸ்யூல்ல இருக்கறது செறிவு.

இது எங்க வீட்டுக்கு மட்டும் நடந்த விபரீதம் இல்ல. மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கற அமெரிக்க மருத்துவமனைகளோட கூட்டமைப்பு ஒண்ணு, மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்துப் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பத்தி 2022ல எழுதினாங்க. அஞ்சு பேர் ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க, ஒருத்தர் இறந்துட்டார். அவங்க எடுத்த பொருட்கள்ல 7ஐச் சோதிச்சதுல எல்லாத்துலயும் மஞ்சள் இருந்தது, மூணுல பைபரினும் இருந்தது. பத்துல ஏழு பேருக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்திருக்கு. அதாவது எல்லாருக்கும் வராது, சிலரோட உடம்புதான் இதை எதிரியா பார்க்குது. யாரோடதுன்னு முன்கூட்டியே வெளிய தெரியாது. 2022ல இத்தாலி லேபிள்ல எச்சரிக்கை போடச் சொன்னது. 2023ல ஆஸ்திரேலியாவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. லட்சக்கணக்கான பேர் சாப்பிடறாங்க, சில பேருக்குத்தான் வருது, உண்மை. அந்தச் சில பேர்ல ஒருத்தர் எனக்குச் சின்ன வயசுல சோறு ஊட்டினவங்க.

ஆன்டிஆக்ஸிடன்ட்ங்கற வார்த்தையைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ஃப்ரீ ராடிக்கல்ஸ் முழுக்க வில்லன் இல்ல. கிருமி வந்தா நம்ம வெள்ளை அணுக்கள் அதை வெச்சுத்தான் அடிக்கும். ஃபின்லாந்துல புகை பிடிக்கற 29,133 ஆண்களை வெச்சு ஒரு பெரிய ஆய்வு, 1994ல முடிவு வந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட்டான பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமா வந்தது. குறையும்னு நினைச்சுக் குடுத்த மாத்திரை. எந்த உணவுல எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒரு பட்டியல் அமெரிக்க வேளாண் துறையோட வெப்சைட்ல இருந்தது. அந்த நம்பருக்கும் உடம்புல நடக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல, விளம்பரத்துக்குத்தான் பயன்படுத்தறாங்கன்னு சொல்லி 2012ல அவங்களே எடுத்துட்டாங்க. கேப்ஸ்யூல் பாட்டில்ல அந்த வார்த்தை மட்டும் இன்னும் பெருசா இருக்கு.

காலைல ஆயாகிட்ட பெரியம்மா கதையைச் சொன்னேன். சாமைச் சோறு பரிமாறிட்டே கேட்டாங்க. "ஒரு நாளைக்கு எம்மாம் மஞ்சா அது?"ன்னாங்க. கணக்கு போட்டேன். குர்குமினை வெச்சுப் பார்த்தா பத்து ஸ்பூனுக்கு மேல வருது. ஆயா சிரிச்சுட்டாங்க. "அத்தினி கொழம்புல போட்டா நாயி கூட தின்னாதுப்பா"ன்னாங்க.

பெரியம்மா இப்போ நல்லா இருக்காங்க. நேத்து எனக்கு வெச்சது மஞ்சள் போட்ட மீன் குழம்புதான், டாக்டர் அதுக்கெல்லாம் தடை சொல்லல. முட்டிக்கு பிசியோதெரபி போறாங்க. என் மேல கோபம் இல்லன்னு சொல்றாங்க, அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

அந்தப் பழைய எபிசோடை நான் நீக்கப் போறதில்ல. ஆரம்பத்துல 40 நொடி திருத்தம் சேர்த்து, இந்த எபிசோடோட லிங்கையும் போட்டிருக்கேன். அதைக் கேட்டுட்டு யாராவது உங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கியிருந்தீங்கன்னா ரெண்டே வேலை. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்த பாட்டிலையும் கையில எடுத்துட்டுப் போங்க, வாயால சொல்றதை நம்பாதீங்க, மறந்துடுவாங்க. பசியின்மை, அடர் நிறத்துல சிறுநீர், கண்ணுல மஞ்சள், இதுல எது வந்தாலும் கேப்ஸ்யூலை அன்னிக்கே நிறுத்திட்டு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. கீழாநெல்லிக்கு ஒரு வாரம் குடுக்காதீங்க, நாங்க குடுத்தோம். உங்க வீட்ல இப்படி நடந்திருந்தா எனக்கு எழுதுங்க, பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.

மேகம் மேற்குப் பக்கம் கொஞ்சம் விலகற மாதிரி இருக்கு. ஃப்ரெண்ட் நொண்டிக்கிட்டே வண்டியை எடுத்துட்டான். காவலூர் கிளம்பறோம். வர்றேன் மக்களே.